ரேடியோ அயோடின் எடுத்த பிறகு கழுத்து வீங்கினா என்ன பண்ணணும்: மலையில இருக்கறவங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நான் கோத்தகிரி பக்கம். கிரேவ்ஸ் நோய்க்கு, அதாவது தைராய்டு அளவுக்கு மீறி சுரக்கற நோய்க்கு, கோயமுத்தூர்ல ரேடியோ அயோடின் (தைராய்டை அடக்கற, கதிர் விடற அயோடின்) கேப்ஸ்யூல் எடுத்துட்டு மேல வந்தேன், நாலு நாள் ஒண்ணும் தெரியல, அஞ்சாவது நாள் காலையில ஸ்வெட்டர் மாட்டும்போது காலர் முன்கழுத்துல பட்டதும் சுரீர்னு இழுத்துச்சு, கண்ணாடியில பார்த்தா தொண்டைக்குழிக்கு மேல மெத்துன்னு புடைச்சிருந்துச்சு. டீ முழுங்கினா காது வரைக்கும் வலி. இப்படி வரும்னு எனக்கு யாரும் சொல்லி அனுப்பல. அதுக்கப்புறம் எங்க ஊர்லயும் பக்கத்து எஸ்டேட்லயும் இந்த வைத்தியத்துக்கு போறவங்க என்கிட்ட கேட்டுட்டு போறாங்க, சிலர் கூட நானே துணைக்கு போயிருக்கேன், எல்லாரும் ஒரே இடங்கள்லதான் தடுமாறுறாங்க. அதனாலதான் எதுக்கப்புறம் எதுன்னு வரிசையா எழுதறேன்.

நான் டாக்டர் இல்லைங்க. மருந்து எவ்வளவு, எப்பன்னு அவங்கதான் சொல்லணும். எதைக் கேட்டு வாங்கிட்டு வரணும், எதைப் பார்க்கணும், எப்ப கிளம்பணும்ங்கறது மட்டும்தான் என்னோடது.

நிறைய பேருக்கு இந்த வீக்கம் வராது. வந்தாலும் பெரும்பாலும் சில நாள்ல, மிஞ்சிப்போனா சில வாரத்துல அடங்கிடும். ஆனா கீழ ஊர்ல இருக்கறவங்க ராத்திரி பத்து மணிக்கு பயம் வந்தா ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு போயிடலாம், நமக்கு அப்படி இல்ல. மேகம் இறங்கிடுச்சுன்னா பத்தடிக்கு முன்னாடி ரோடு தெரியாது. அதனால நம்ம முடிவு எல்லாத்தையும் பகல் வெளிச்சத்துலயே எடுக்கணும், கீழ இருக்கற படிகள் எல்லாம் அதுக்காகத்தான்.

1. உங்க கேஸ் எதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க

ரேடியோ அயோடின்னு ஒரே பேர் சொன்னாலும் ரெண்டு விதமா குடுக்கறாங்க. தைராய்டு அளவுக்கு மீறி சுரக்கறவங்களுக்கு, அதாவது கிரேவ்ஸ் மாதிரி, வழக்கமா 10ல இருந்து 15 மில்லிக்யூரி (கதிரோட அளவு) குடுப்பாங்க, சில பேருக்கு கொஞ்சம் கூடவும் இருக்கும். இவங்களுக்கு சுரப்பி முழுசா கழுத்துலயே இருக்கும். தைராய்டு கேன்சருக்கு ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு மிச்சம் ஒட்டிட்டு இருக்கற கொஞ்சநஞ்சத்தை கரைக்க 30, 100, தேவைப்பட்டா அதுக்கு மேலயும் குடுப்பாங்க. அளவு கூடினா தனி ரூம்ல ரெண்டு மூணு நாள் வெச்சுத்தான் அனுப்புவாங்க.

இது ஏன் முதல் படின்னா வீக்கம் வர்ற இடமே மாறும். சுரப்பி முழுசா இருக்கறவங்களுக்கு தைராய்டுலயே அழற்சி வரும், கூடவே உள்ள சேர்த்து வெச்சிருந்த ஹார்மோன் ஒழுகி ரத்தத்துல கலந்து படபடப்பும் வரும். கேன்சர்காரங்களுக்கு அளவு பெருசுங்கறதால எச்சில் சுரப்பி வீங்கறதுக்கு வாய்ப்பு அதிகம். அவங்கள்லயே பாதி சுரப்பி மட்டும் எடுத்தவங்க, மிச்சம் அதிகமா இருக்கறவங்களுக்கு முன்கழுத்தும் நல்லாவே வீங்கும், சில பேருக்கு 48 மணி நேரத்துக்குள்ளயே வலி இல்லாம கழுத்து உப்பிக்கறதும் உண்டு.

மருந்து உள்ள போனதும் என்ன நடக்குதுன்னா, தைராய்டு செல்லுக்கு அயோடின்னா ஒரு இழுப்பு, அதுல சாதா அயோடின் எது, கேப்ஸ்யூல்ல இருக்கற கதிர் விடற அயோடின் 131 எதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாம ரெண்டையும் உள்ள இழுத்துக்கும். உள்ள போனது பீட்டா கதிரை விட்டு ஓரிரு மில்லிமீட்டர் சுற்றளவுக்குள்ள இருக்கற செல்லை சேதப்படுத்தும். சேதமான இடம் வீங்கறது, சுட்ட இடம் உப்பற மாதிரிதான். அயோடின் 131 பாதியா குறையறதுக்கே 8 நாள் ஆகுது, அதனால இந்த வேலை ஒரே நாள்ல முடியாது. முதல் ரெண்டு மூணு நாள் சும்மா இருந்துட்டு அப்புறமா, பெரும்பாலும் ரெண்டு வாரத்துக்குள்ள, வலி தலை காட்டறது இதனாலதான். மூணாம் நாள் ஒண்ணும் இல்லையேன்னு நிம்மதியாகி கழுத்தைப் பார்க்கறதை விட்டவங்கதான் ஏழாம் நாள் பதறுறாங்க.

2. மலை இறங்கறதுக்கு முன்னாடி கேட்டு எழுதி வாங்க வேண்டியது

கேப்ஸ்யூல் குடுக்கற அன்னிக்கு கேட்டுக்கலாம்னு விடாதீங்க. அன்னிக்கு அவங்க அவசரத்துல இருப்பாங்க, நமக்கும் பயத்துல எதுவும் மண்டையில ஏறாது. அதுக்கு முந்தின விசிட்லயே ஒரு தாள்ல எழுதி கையில வாங்கிக்கங்க.

முதல்ல ராத்திரி கூப்பிடற நம்பர். ஓ.பி. நம்பர் இல்ல, ராத்திரி 11 மணிக்கும் ஒரு ஆள் எடுக்கற நம்பர். ரெண்டாவது, கழுத்து வலிச்சா எந்த வலி மாத்திரை போடலாம், எது கூடாது. அல்சர், கிட்னி பிரச்சனை, ஆஸ்துமா இருந்தா அப்பவே சொல்லுங்க, ஏன்னா இந்த மூணும் பின்னாடி குடுக்கப்போற மாத்திரையை மாத்தும். மூணாவது, கார்பிமசோல் (தைராய்டு சுரக்கறதை குறைக்கற மாத்திரை) சாப்பிடறவங்க அதை என்னிக்கு நிறுத்தணும், மறுபடி ஆரம்பிக்கணுமா, ஆரம்பிச்சா என்னிக்கு. பொதுவா சில நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க, இல்லன்னா சுரப்பி கேப்ஸ்யூலை சரியா இழுக்காது. ஆனா படபடப்புக்கு குடுத்த ப்ரோப்ரனலால் மாதிரி மாத்திரையை பெரும்பாலும் தொடரச் சொல்வாங்க. நம்ம ஆளுங்க எல்லா மாத்திரையும் ஒண்ணுதானேன்னு மொத்தமா நிறுத்திட்டு வந்துடறாங்க, கேப்ஸ்யூல் எடுக்கறதுக்கு முந்தின ராத்திரியே நெஞ்சு அடிச்சுக்குது.

ஏற்கனவே கழலை (தைராய்டு வீங்கி கழுத்துல புடைச்சிருக்கறது) பெருசா இருந்தா, படுத்தா மூச்சு அடைக்கற மாதிரி இருந்தா, சாப்பாடு தொண்டையில நிக்கற மாதிரி இருந்தா அதை வாய் திறந்து சொல்லணும், இது ரொம்ப முக்கியம். ஏற்கனவே குறுகலா இருக்கற வழியில இன்னும் கொஞ்சம் வீக்கம் கூடினாலும் ஆபத்துங்கறதால சிலருக்கு முன்கூட்டியே வீக்கத்தை அடக்கற ஸ்டீராய்டு குடுக்கலாமா, அட்மிட் பண்ணி பார்க்கலாமான்னு அவங்க யோசிக்கணும். கிரேவ்ஸ்ல கண்ணு முன்னாடி தள்ளி இருக்கறவங்க, கண் சிவந்து உறுத்தறவங்களும் சொல்லணும், இந்த வைத்தியத்துக்கு அப்புறம் கண் பிரச்சனை அதிகமாகலாம், அதுக்கும் ஸ்டீராய்டு பாதுகாப்பு இருக்கு. சிகரெட் பிடிச்சா கண்ணுக்கு இன்னும் மோசம்.

கர்ப்பம் இருந்தா இந்த வைத்தியமே கிடையாது, டெஸ்ட் பண்ணித்தான் குடுப்பாங்க, அப்புறமும் குறைஞ்சது 6 மாசம் கர்ப்பம் ஆகக் கூடாது. பால் குடுக்கறவங்க பல வாரம் முன்னாடியே நிறுத்தணும், அந்தக் குழந்தைக்கு மறுபடி குடுக்க முடியாது. சங்கடப்பட்டு மறைக்கற விஷயம் இல்லைங்க இது.

அயோடின் பத்தி ஒரு வார்த்தை. கேன்சர்காரங்களுக்கு ஒண்ணு ரெண்டு வாரம் அயோடின் குறைச்ச சாப்பாடு சொல்வாங்க, மீன், கருவாடு, முட்டை மஞ்சக்கரு, பால், அயோடின் உப்பு எல்லாம் விடணும். கல் உப்புன்னா அயோடின் இருக்காதுன்னு நினைக்காதீங்க, பாக்கெட்டை திருப்பிப் படிங்க. பேக்கரி வர்க்கியும் மிக்சரும் எந்த உப்புல போட்டதுன்னு நமக்கு தெரியாது, விட்டுடுங்க. நம்ம தோட்டத்து கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கை வீட்டுல அயோடின் சேர்க்காத உப்பு போட்டு சமைச்சா பிரச்சனை இல்ல. தொண்டை கரகரப்புக்கு பீட்டாடைன் கொப்பளிக்கறது, காயத்துக்கு அதையே தடவறது, ரெண்டுலயும் அயோடின் இருக்கு. சமீபத்துல கான்ட்ராஸ்ட் ஊசி (படம் பளிச்சுனு தெரிய போடறது, அதுலயும் அயோடின் இருக்கலாம்) போட்டு ஸ்கேன் எடுத்திருந்தா தேதியோட சொல்லுங்க.

3. நல்லா இருக்கும்போதே அளவு எடுத்து வைங்க

எல்லாரும் விடற படி இதுதான், நானும் விட்டேன். எனக்கு வீங்கினப்ப போன்ல டாக்டர் கேட்ட முதல் கேள்வி, முன்னைக்கு இப்ப எவ்வளவு கூடியிருக்குன்னு. என்கிட்ட பதில் இல்ல.

டெய்லர் வெச்சிருப்பாங்களே, அந்த இஞ்ச் டேப் போதும். கண்ணாடி முன்னாடி நேரா நின்னு, கழுத்துல புடைப்பு அதிகமா தெரியற இடத்துல ரெண்டு பக்கமும் பால்பாயிண்ட் பேனாவால சின்ன புள்ளி வெச்சு, அந்தப் புள்ளி மேல டேப்பை இறுக்காம சுத்தி அளக்கணும். சென்டிமீட்டர் பக்கம் படிங்க, அரை சென்டிமீட்டர் வித்தியாசம் அதுலதான் பளிச்சுனு தெரியும். புள்ளி அழிஞ்சா மறுபடி வைங்க, ஒவ்வொரு நாளும் வேற வேற இடத்துல அளந்தா அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்ல. தினமும் காலையில, பல் விளக்கினதும், டீக்கு முன்னாடி அளந்து ஒரு நோட்டுல எழுதி வைங்க.

கூடவே ஜன்னல் வெளிச்சத்துல முன்னாடி ஒரு போட்டோ, பக்கவாட்டுல ஒரு போட்டோ. நாடித்துடிப்பை ஒரு நிமிஷம் முழுசா எண்ணுங்க, 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்காதீங்க, துடிப்பு தப்பித் தப்பி வர்றது அதுல தெரியாது. அப்புறம் போன்ல உங்க குரல்ல பத்து செகண்ட் ஏதாவது பேசி பதிவு பண்ணி வைங்க. பின்னாடி குரல் கம்மினா ஒப்பிட்டுப் பார்க்க வேற எதுவும் இருக்காது.

விரல்ல மாட்டற ஆக்ஸிஜன் மீட்டர் பத்தி எச்சரிக்கை. நம்ம குளிர்ல விரல் சில்லுனு இருந்தா அது தப்பா குறைச்சுக் காட்டும், கையை தேய்ச்சு சூடு பண்ணிட்டு மாட்டுங்க. அதை விட முக்கியமா, தொண்டை வழி குறுகிட்டு வரும்போது கூட கடைசி வரைக்கும் அந்த மீட்டர் நல்ல எண்ணையே காட்டலாம். மூச்சு கஷ்டமா இருக்குன்னு உடம்பு சொன்னா மீட்டரை நம்பி உட்காராதீங்க.

4. வீட்டை தயார் பண்றது

சில நாள் தனியா தூங்கணும், குழந்தைங்க, கர்ப்பிணிங்ககிட்ட தள்ளி இருக்கணும், தட்டு டம்ளர் தனி, துணி தனியா துவைக்கணும், பாத்ரூம் போனா ரெண்டு தடவை ஃப்ளஷ் இல்ல வாளி நிறைய தண்ணி ஊத்தணும், ஆம்பளைங்களும் உட்கார்ந்துதான் போகணும். எத்தனை நாள்ங்கறது உங்களுக்கு குடுத்த அளவைப் பொறுத்தது, டிஸ்சார்ஜ் தாள்ல இருக்கும்.

தனி வீடு இருந்தா சுலபம். எஸ்டேட் லைன் வீட்டுல ஒரே ரூம், பொது கக்கூஸ், பக்கத்துல கைக்குழந்தைன்னா இதெல்லாம் எப்படி நடக்கும்? அப்படி இருக்கறவங்க வெக்கப்படாம ஆஸ்பத்திரியில முன்னாடியே சொல்லுங்க. எங்களுக்கு தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க குழந்தைங்களை ரெண்டு வாரம் அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அதுதான் நடைமுறையில சரியா வந்துச்சு.

தனியா இருக்கறதுல இன்னொரு சிக்கல் இருக்கு, இதை யாரும் சொல்றதில்ல. கதவை சாத்திட்டு தனியா இருக்கறவங்க கழுத்து வீங்கறதை பார்க்க பக்கத்துல ஆள் இல்ல, மப்ளர் வேற சுத்தியிருப்போம். அதனால வீட்டுல ஒருத்தரை பொறுப்பு வைங்க, காலையும் சாயந்திரமும் ரூம் வாசல்ல ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு மப்ளரை எடுத்துட்டு கழுத்தைப் பார்க்கணும், ரெண்டு வார்த்தை பேச வெச்சு குரலைக் கேட்கணும். அவ்வளவு தூரத்துல கொஞ்ச நேரம் நிக்கறதால ஒண்ணும் ஆகாது.

5. கேப்ஸ்யூல் எடுத்த அன்னிக்கு மலை ஏறுறது

வளைவுல வாந்தி எடுக்கறவங்க நம்மள்ல நிறைய பேர். கேப்ஸ்யூல் முழுங்கின உடனே வண்டி ஏறி மேட்டுப்பாளையம் தாண்டி வளைவு ஆரம்பிச்சதும் வாந்தி எடுத்தா ரெண்டு நஷ்டம், மருந்தும் வெளிய போயிடலாம், அந்த வாந்தியிலயும் கதிர் இருக்கும். உங்களுக்கு மலைப்பாதை ஒத்துக்காதுன்னா முன்னாடியே சொல்லி வாந்தி மாத்திரை வாங்கி வைங்க, மருந்து உடம்புல ஏறுறதுக்கு எத்தனை மணி நேரம் கீழயே இருக்கணும்னு கேட்டு அதுவரைக்கும் இருந்துட்டு கிளம்புங்க. முடியாம வந்துடுச்சுன்னா ரோட்டோரம் எடுக்காதீங்க, கெட்டியான கவர்ல பிடிச்சு கட்டி வெச்சு ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி என்ன பண்ணணும்னு கேளுங்க.

பஸ்ல வராதீங்க. நெருக்கியடிச்சு மூணு மணி நேரம் பக்கத்துல யார் உட்கார்றாங்கன்னு நமக்கு தெரியாது, அது வயித்துப் பிள்ளைக்காரியா கூட இருக்கலாம். காரா இருந்தா டிரைவருக்கு குறுக்கு மூலையில, பின் சீட்டுல. மே மாச சீசன்ல குன்னூர் வழி ஏறவும் கோத்தகிரி வழி இறங்கவும் ஒருவழி ஆக்கிடுவாங்க, நேரம் ரெண்டு மடங்கு ஆகும். ஐப்பசி கார்த்திகை மழையில மண்சரிவுல ரோடே அடைஞ்சு போறதும் உண்டு. தேதி உங்க கையில இருந்தா இந்த ரெண்டு காலத்தையும் தவிர்த்துக்கங்க, ஏன்னா ஏறுற நாளை விட அதுக்கப்புறம் வர்ற ரெண்டு வாரம் ரோடு திறந்திருக்கறதுதான் முக்கியம்.

6. முதல் மூணு நாள் தண்ணி

குளிர்ல நமக்கு தாகமே எடுக்காது. ராத்திரி எழுந்து பாத்ரூம் போகவும் சோம்பல், அடக்கிட்டு படுத்துடுவோம். சுரப்பி இழுக்காத மிச்ச அயோடின் சிறுநீர்லதான் பெரும்பாலும் வெளிய போகுது, அடக்கி வெச்சா அவ்வளவு நேரமும் அது மூத்திரப்பையில உட்கார்ந்திருக்கும். ஒரு லிட்டர் ஃபிளாஸ்க்ல வெந்நீர் வெச்சு ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை காலி பண்ணுங்க. இதயம், கிட்னி பிரச்சனை இருக்கறவங்க மட்டும் அளவை கேட்டுக்கங்க.

எச்சில் சுரப்பிக்கும் தண்ணிதான் மருந்து. புளிப்பு மிட்டாய், எலுமிச்சை சப்பினா எச்சில் ஓடி சுரப்பியில தேங்கினது கழுவிட்டு போகும், ஆனா அதை எப்ப ஆரம்பிக்கணும்கறது இடத்துக்கு இடம் மாறுது, நிறைய இடத்துல ஒரு நாள் கழிச்சுத்தான் சொல்றாங்க. உங்களுக்கு சொன்னதை செய்யுங்க.

7. வீங்கினா முதல்ல எந்த இடம்னு பாருங்க

கண்ணாடி முன்னாடி நின்னு ஒரு மடக்கு தண்ணி குடிங்க. முழுங்கும்போது வீக்கம் மேல ஏறி கீழ இறங்குச்சுன்னா அது தைராய்டு. தொட்டா வலிக்கும், தலையைத் திருப்பினா வலிக்கும், வலி தாடைக்கும் காதுக்கும் ஏறும், லேசா காய்ச்சல் அடிக்கலாம். இதுதான் கதிர்வீச்சால வர்ற தைராய்டு அழற்சி.

வீக்கம் காதுக்கு கீழ, தாடை எலும்புக்கு அடியில இருந்து, சாப்பிட ஆரம்பிச்சதும் விண்ணுன்னு தெறிச்சு, சாப்பிட்டு முடிச்சா கொஞ்சம் அடங்குச்சுன்னா அது எச்சில் சுரப்பி. வாய் வறண்டு போறதும் இரும்பு மாதிரி ருசி வர்றதும் இதோட சேர்ந்தது. இதுக்கு தண்ணி கூட்டி, காதுக்கு கீழ இருந்து கன்னத்துப் பக்கமா மெதுவா நீவி விடலாம். தைராய்டை மட்டும் எக்காரணம் கொண்டும் நீவாதீங்க. நம்ம வீட்டுல பெரியவங்க பாசத்துல நீலகிரி தைலத்தை சூடு பறக்க தேய்ச்சு, உப்பு வறுத்து ஒத்தடம் குடுக்க வந்துடுவாங்க. தைலம் சளிக்கு சரிங்க, இங்க தோல்தான் எரியும், உள்ள இருக்கற அழற்சிக்கு அது போய் சேராது, அழுத்தித் தேய்க்கறது வலியை கூட்டும். ஈரத்துணியை நனைச்சு பிழிஞ்சு பத்து நிமிஷம் போடறது இதமா இருக்கும். குளிரா இருந்தாலும் மப்ளரை தளர்த்தி கட்டுங்க.

மூணாவது ஒண்ணு இருக்கு, இதுல உயிருக்கே ஆபத்து. கார்பிமசோல் சாப்பிட்டவங்களுக்கு, இப்ப சாப்பிடறவங்களுக்கும் சமீபத்துல நிறுத்தினவங்களுக்கும், காய்ச்சலோட தொண்டைக்குள்ள புண்ணு மாதிரி வலி வந்தா அது அந்த மாத்திரையால வெள்ளை அணு இறங்கிப் போனதால இருக்கலாம். அபூர்வம்தான், ஆனா அன்னிக்கே ரத்தத்துல வெள்ளை அணு எண்ணிக்கை பார்க்கணும், நாளைக்குன்னு தள்ளக் கூடாது. வெளியில கழுத்தைத் தொட்டா வலியா, உள்ள தொண்டையில வலியான்னு பிரிச்சு சொல்லத் தெரிஞ்சா டாக்டருக்கு பாதி வேலை முடிஞ்சுது.

எனக்கு ஒரு க்ளினிக்ல தொண்டை இன்ஃபெக்ஷன்னு சொல்லி அஞ்சு நாள் ஆன்டிபயாட்டிக் குடுத்தாங்க. ரேடியோ அயோடின் எடுத்ததை நான் சொல்லல, அவங்களும் கேட்கல. கதிர்ல வெந்த சுரப்பியில கிருமி இல்ல, ஆன்டிபயாட்டிக் அதுக்கு ஒண்ணும் பண்ணாது, எனக்கு அஞ்சு நாள் வலியோட போச்சு. எங்க போனாலும் முதல் வாக்கியமே, இந்த தேதியில ரேடியோ அயோடின் எடுத்திருக்கேன், அளவு இவ்வளவுன்னு இருக்கட்டும்.

8. வலிக்கு என்ன

தாள்ல எழுதி வாங்கினீங்களே, அதைத்தான் இப்ப எடுக்கணும். லேசா இருந்தா பாராசிட்டமாலே போதும்னு சொல்வாங்க, அடங்கலன்னா ஐபுப்ரோஃபன் வகை மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம் குடுப்பாங்க, அழற்சியையும் சேர்த்து குறைக்கறது அந்த வகைதான். ஆஸ்பிரினை வலிக்குன்னு நீங்களா போடாதீங்க, அது ரத்தத்துல புரதத்தோட ஒட்டிட்டு இருக்கற தைராய்டு ஹார்மோனை கழட்டி விட்டு படபடப்பை கூட்டலாம். இதயத்துக்கு தினமும் சின்ன ஆஸ்பிரின் சாப்பிடறவங்க அதை நீங்களா நிறுத்தவும் வேண்டாம், டாக்டர்கிட்ட கேளுங்க.

இதுலயும் அடங்கலன்னா, வீக்கம் கூடிட்டே போனா ப்ரெட்னிசலோன் ஸ்டீராய்டு குடுப்பாங்க. வேகமா கேட்கும், ஒண்ணு ரெண்டு நாள்லயே வித்தியாசம் தெரியும். அதனாலயே ஆபத்து, பக்கத்து வீட்டுல மிச்சம் இருந்ததுன்னு வாங்கிப் போட்டவங்களை பார்த்திருக்கேன். சுகர் இருக்கறவங்களுக்கு சர்க்கரை ஏறிடும், சொன்ன மாதிரி படிப்படியா குறைக்காம நட்டநடுவுல நிறுத்தினா வலி திரும்பி வரும். மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கற மருந்து இல்லைங்க இது.

சாப்பாடு ரெண்டு மூணு நாள் கஞ்சி, குழைஞ்ச சாதம், ஆறின ரசம். சூடான டீ வேண்டாம், ஆற வெச்சு குடிங்க.

9. படபடப்பு வந்தா

சுரப்பி உடையும்போது உள்ள ஸ்டாக் இருந்த ஹார்மோன் ஒழுகும்னு சொன்னேன்ல, அது முதல் ரெண்டு வாரத்துல நடக்கலாம். கை நடுங்கும், வேர்க்கும், ராத்திரி தூக்கம் வராது, டிசம்பர் குளிர்லயும் போர்வையை உதைச்சு தள்ளுவீங்க. வைத்தியம் பலிக்கலையோன்னு மனசு உடைஞ்சு போறாங்க, அப்படி இல்ல, பழைய சரக்கு வெளிய போகுது அவ்வளவுதான்.

இங்க எல்லாரும் பண்ற தப்பு, பழைய கார்பிமசோலை எடுத்து ரெண்டு மாத்திரை கூட போடறது. கார்பிமசோல் புதுசா ஹார்மோன் தயாராகறதைத்தான் தடுக்கும், ஏற்கனவே தயாராகி ஒழுகறதை அதால பிடிக்க முடியாது. சில பேருக்கு, முக்கியமா வயசானவங்களுக்கும் இதய நோய் இருக்கறவங்களுக்கும், டாக்டரே கொஞ்ச நாள் கழிச்சு திரும்ப ஆரம்பிக்கச் சொல்வாங்க, அது வேற கணக்கு. படபடப்பை அடக்கறது ப்ரோப்ரனலால் வகைதான், ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு அது ஆகாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 100க்கு மேல தொடர்ந்து இருந்தா அன்னிக்கே போன் பண்ணுங்க, 120ஐ தாண்டினா, தப்பித் தப்பி அடிச்சா, போன் பண்ணிட்டு வீட்டுல காத்திருக்காம பக்கத்து ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க, ஈசிஜி எடுக்கணும்.

10. எப்ப கிளம்பணும்

இதை பெருசா எழுதி சுவத்துல ஒட்டுங்க. மூச்சை உள்ள இழுக்கும்போது கரகரன்னோ விசில் மாதிரியோ சத்தம், மல்லாக்க படுக்க முடியாம எழுந்து உட்கார வேண்டியது, எச்சிலைக் கூட முழுங்க முடியாம வடியறது, குரல் திடீர்னு கம்மிப் போறது, இதுல எது ஒண்ணு வந்தாலும் உடனே 108. கோயமுத்தூருக்கே போகணும்னு அடம்பிடிக்காதீங்க, முதல்ல பக்கத்துல இருக்கற அரசு ஆஸ்பத்திரி, இல்ல ஊட்டி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. மூச்சுக்கு வழி பண்ணின பிறகு மலை இறங்கலாம், மூச்சு திணறலோட ஆளை காருக்குள்ள வெச்சுட்டு வளைவு வளைவா இறங்கக் கூடாது.

கடுமையான காய்ச்சல், நிக்காத வாந்தி பேதி, குழறிப் பேசறது, நெஞ்சு வலி, இதுக்கும் அதே அவசரம்தான்.

மத்தவங்களுக்கு கதிர் படுமேன்னு யோசிச்சு யாரும் வீட்டுல கிடக்காதீங்க. ரூம்ல தனியா இருக்கணும்னு சொன்னது உயிருக்கு ஆபத்து இல்லாத நேரத்துக்கு. டிஸ்சார்ஜ் தாளை காட்டினா போதும், என்ன பாதுகாப்பு எடுக்கணும்னு அவங்க பார்த்துக்குவாங்க.

இது எதுவும் இல்லாம வீக்கம் மட்டும் நேத்தைக்கு இன்னிக்கு கூடியிருந்தா, டேப்ல ஒரு சென்டிமீட்டர் ஏறியிருந்தா, காலையிலயே போன் பண்ணி மத்தியானத்துக்குள்ள முடிவு கேட்டுடுங்க. சாயந்திரம் வரைக்கும் பார்க்கலாம்னு விட்டா நாலு மணிக்கு மேகம் இறங்கும், அப்புறம் மனசு பயந்தாலும் வண்டி எடுக்க ஆள் வராது. கூடலூர், பந்தலூர்காரங்களுக்கு இன்னும் தூரம், மைசூர் பக்கம் போகலாம்னு நினைச்சா பந்திப்பூர் காட்டு ரோடு ராத்திரி 9ல இருந்து காலை 6 மணி வரைக்கும் சாதாரண வண்டிக்கு மூடியிருக்கும், அதையும் கணக்குல வெச்சுக்கங்க.

11. வீக்கம் அடங்கின பிறகு

டேப் அளவு பழைய எண்ணுக்கு வந்ததும் நோட்டை தூக்கிப் போட்டுடாதீங்க, அடுத்த ரத்த டெஸ்ட் அதுல எழுதியிருக்கணும். கிரேவ்ஸ்காரங்களுக்கு வழக்கமா 4ல இருந்து 6 வாரத்துல முதல் டெஸ்ட், அதுல தைராய்டு ஹார்மோன்களான ஃப்ரீ டி4ம் டி3ம் கட்டாயம் இருக்கணும். டி.எஸ்.எச். (தைராய்டை சுரக்கச் சொல்ற ஹார்மோன், தைராய்டு அதிகம் சுரந்தா இது அமுங்கிடும்) மட்டும் எடுத்தா ஏமாந்துடுவீங்க, பல மாசமா அமுங்கிக் கிடந்த டி.எஸ்.எச். உடனே எழுந்திருக்காது, உள்ள ஹார்மோன் குறைஞ்சு போயிருந்தாலும் அது இன்னும் அதிகம் சுரக்கற மாதிரியே காட்டும். லேப்ல பேக்கேஜ்னு சொல்லி டி.எஸ்.எச். மட்டும் எடுத்துட்டு, இன்னும் அதிகமாத்தான் இருக்குன்னு அதை நம்பி கார்பிமசோலை விடாம சாப்பிட்டு, முகம் உப்பி, எழுந்து நடக்க முடியாம போன ஒருத்தங்களை எனக்கு தெரியும்.

பெரும்பாலானவங்களுக்கு சில மாசத்துல தைராய்டு குறைஞ்சு போகும், அது வைத்தியம் வேலை செஞ்சதோட அடையாளம். குளிர் தாங்காம போறது, மலச்சிக்கல், குரல் தடிச்சுப் போறது, காலையில முகமும் கண் இமையும் உப்பறது, இதெல்லாம் வந்தா அடுத்த டெஸ்ட் தேதிக்கு காத்திருக்காதீங்க. நம்ம ஊர்ல குளிர் தாங்கலன்னு சொன்னா யாரும் நோயா எடுத்துக்க மாட்டாங்க, போன வருஷம் போட்ட ஸ்வெட்டருக்கு மேல இந்த வருஷம் இன்னொண்ணு தேவைப்படுதான்னு பாருங்க, அது சரியான அளவுகோல்.

குறைஞ்சு போன ஹார்மோனுக்கு பதிலா தைராக்ஸின் மாத்திரை ஆரம்பிச்சா காலையில வெறும் வயித்துல தண்ணியோட முழுங்கி, அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் டீ. எழுந்ததும் டீ இல்லாம முடியாத ஊர் நம்மளது, அதனால மாத்திரையை ஸ்டவ் பக்கத்துல வைக்காம தலைமாட்டுல தண்ணி சொம்போட வைங்க, முழுங்கிட்டு அப்புறம் எழுந்து அடுப்பு பத்த வைக்கலாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை இருந்தா நாலு மணி நேர இடைவெளி விட்டு மத்தியானத்துக்கு தள்ளிடுங்க.